எல்லாரும் சூரியன்

எனக்குக் காலையில் சிரிப்பு வராது. வெள்ளவத்தையில் விடிய முதல் எழும்பி, சமைத்து, பார்சல் கட்டி, காலிக்குப் போகும் பெருவீதியில் பஸ்ஸுக்கு இடிபட்டு ஏறி, கொள்ளுப்பிட்டி நெரிசலில் அரை உயிரைக் கொடுத்துவிட்டுக் கொட்டாஞ்சேனையில் இறங்கும்போது நான் மனுசியாகவே இருக்கமாட்டேன். என் வாயைப் பற்றிப் பள்ளிக்கூடத்தில் எல்லாருக்கும் தெரியும். 'நேசமலர் டீச்சரிடம் முதல் பாடம் முடியும்வரைக்கும் கதைக்கக்கூடாது' என்று மற்ற டீச்சர்மார் பகிடி விடுவார்கள். அப்படிப்பட்ட என்னைத்தான், காலையில் பிள்ளைகளின் மனதைக் கவனிப்பது எப்படி என்ற கருத்தரங்குக்கு அதிபர் ஹியூபேட் சேர் அனுப்பிவைத்தார்.

அங்கே ஒரு மிஸ் நன்றாகத்தான் சொல்லிக்கொடுத்தா. பாடம் தொடங்க முதல் ஒரு சின்ன வேலை. சூரியன், மேகம், மழை என்று மூன்று விதமான படம் வரைந்த அட்டைகளை மேசையில் வைக்கவேண்டும். உள்ளே வருகிற பிள்ளை அன்றைக்குத் தன் மனம் எப்படி இருக்கிறதோ அந்த அட்டையை எடுக்கும். சந்தோஷம் என்றால் சூரியன், ஒரு மாதிரி என்றால் மேகம், அழுகை என்றால் மழை. மழை எடுத்த பிள்ளையை மற்றவர்களுக்கு முன்னால் ஒன்றும் கேட்கக்கூடாது. பிறகு ஆறுதலாகப் பக்கத்தில் போய் இருக்கவேண்டும். "அது உங்களுக்கும் அந்தப் பிள்ளைக்கும் இடையிலான விஷயம். மூன்றாவது ஆளுக்கு அங்க வேலையில்லை," என்று அந்த மிஸ் சொன்னா. அந்த நேரம் பார்த்து ரோல்ஸும் தேத்தண்ணியும் வந்துவிட்டன. நான் அதைப் பாதிக் காதால்தான் கேட்டேன்.

வகுப்புக்கு வந்து பிரிஸ்டல் போர்ட்டில் அட்டைகள் வெட்டினேன். என்னுடையது ஆண்டு இரண்டு. விசர் வேலை என்று நினைத்துக்கொண்டுதான் தொடங்கினேன். ஆனால் உள்ளதைச் சொல்லவேண்டும், முதல் கிழமையே எனக்கு அது பிடித்துப்போயிற்று. வாயே திறக்காத பிள்ளைகள்கூட அட்டையை எடுத்துக்கொண்டு வந்து என் முகத்துக்கு நேரே நீட்டினார்கள். பூனை செத்துப்போனதற்கு மேகம். தம்பி பிறந்ததற்கும் மேகம். ஆமிர் என்ற துடியாட்டக்காரன் பசிக்கு மழை பிடித்தான்.

அனுஷியாவும் மழை பிடித்தாள். ஒரு நாள் இல்லை, தொடர்ந்து. ஒல்லிப் பிள்ளை. தலையை ஒருவரும் ஒழுங்காக வாரிவிடவில்லை என்பது இரட்டைப் பின்னலைப் பார்த்தாலே தெரியும், ஒன்று மேலே, ஒன்று கீழே. தாய் இராமலெட்சுமி ஹட்டன் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவள், குவைத்தில் ஒரு வீட்டில் வேலை செய்கிறாள். தகப்பன் ஹெந்தளையில் வேறு குடும்பம் என்று போய்விட்டான். பிள்ளையைப் பார்ப்பது தகப்பனின் தங்கை ஜெயராணி, செட்டியார் தெருவில் புடைவைக் கடையில் நிற்கிறவள். அண்ணன் விட்டுவிட்டுப் போன பிள்ளையைத் தங்கை வைத்துப் பார்க்கிறாள் என்பதே பெரிய விஷயம்தான்.

இடைவேளைக்கு அனுஷியாவைப் படிக்கட்டில் என் பக்கத்தில் இருத்தினேன்.

"ஏன் பிள்ளை ஒவ்வொரு நாளும் மழை?"

"அம்மாவோட ரெண்டு வருஷ வேல முடியப் போகுது டீச்சர்."

"அப்ப சந்தோஷம்தானே. அம்மா வரப்போறா."

"வருவாங்களான்னு தெரியல்ல. அந்த வீட்டு மேடம் இன்னும் இருக்கச் சொல்றாங்களாம். அம்மா யோசிக்கிறாங்களாம்."

"நீ வாங்கோ எண்டு சொல்லேல்லையா?"

அவள் சப்பாத்து நுனியைப் பார்த்துக்கொண்டு இல்லை என்று தலையை ஆட்டினாள். "அத்த சொல்லக்கூடாதுன்னு சொல்லிருக்காங்க. சொன்னா அம்மாக்கு அங்க வேல செய்ய ஏலாதாம்."

இரக்கம் வந்தால் எனக்குக் கூடவே அவசரமும் வந்துவிடும், அதுதான் என்னிடம் உள்ள பெரிய பிழை. அன்றைக்கே ஜெயராணியிடம் தாயின் நம்பரை வாங்கி வகுப்பு வட்ஸ்அப் குரூப்பில் சேர்த்துவிட்டேன். பாவம், கடல் கடந்து கிடக்கிறாள், பிள்ளையை நாளாந்தம் பார்க்கட்டும் என்று நினைத்தேன்.

குரூப்பில் படம் போடுவது ஹியூபேட் சேரின் உத்தரவு. எங்கள் பள்ளிக்கூடத்தில் மரம் நட்டாலும் படம், கை கழுவினாலும் படம். "படம் இல்லாட்டி நடந்ததுக்குச் சாட்சி இல்லை டீச்சர்," என்பார். அதனால் காலையில் அட்டை எடுத்ததும் பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி, அட்டையை நெஞ்சுக்கு நேரே பிடிக்கச் சொல்லி, ஒரு கிளிக். அடுத்த நிமிஷம் அது குரூப்பில். தாய்மார் பூவும் கும்பிடும் போடுவார்கள். மூன்றாவது ஆளுக்கு அங்கே வேலையில்லை என்று அந்த மிஸ் சொன்னது எனக்கு ஞாபகமே வரவில்லை. வந்திருந்தாலும், பெற்றவர்கள் எப்படி மூன்றாவது ஆளாவார்கள் என்று வாதாடியிருப்பேன்.

முதலில் கேட்டது ஆமிரின் உம்மா பஸ்லா. மாளிகாவத்தையிலிருந்து மகனை ஓட்டோவில் கொண்டுவந்து விடுகிறவ. கேற்றடியில் என்னை நிறுத்தினா.

"மிஸ், எங்கட மகன் மழை பிடிச்சிக்கிட்டு நிக்கிறான். குரூப்ல எல்லாரும் பாக்குறாங்க. வீட்டுல புள்ளைக்கு என்னமோ குறை வெச்ச மாதிரி இருக்கு."

"அது பசிக்கு, பஸ்லா. பகிடிக்கு எடுத்தவன்."

"ஊருக்குத் தெரியுமா மிஸ் பசிக்குன்னு? நான் வெடிய எழும்பி முட்ட பொரிச்சுக் குடுத்துத்தான் அனுப்புறேன்."

நான் சிரித்துக்கொண்டே போய்விட்டேன். அடுத்த நாள் ஆமிர் சூரியன் பிடித்தான். அதற்கடுத்த கிழமை பூனை செத்த பிள்ளையும் சூரியன், தம்பி பிறந்த பிள்ளையும் சூரியன். பிறகு அனுஷியாவும் சூரியன். பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டு நின்றாள். எனக்குச் சந்தோஷப் புளுகம் தாங்கவில்லை. ஒரு பிள்ளையின் மழையை நான் வெளிக்க வைத்துவிட்டேன் என்று நினைத்தேன். வைத்திருந்த சூரியன்கள் போதாமல் போய், பிள்ளைகள் ஆளுக்காள் பறித்துச் சண்டை பிடிக்க, நான் மினக்கெட்டு இன்னும் சூரியன்கள் வரைந்து வெட்டினேன். எடுபடாத மழை அட்டைகளை அலுமாரிக்குள் போட்டேன். ஏன் ஒருவரும் எடுக்கிறார்கள் இல்லை என்று ஒரு கணம் யோசித்தேனா? இல்லை. ஹியூபேட் சேர் அந்தப் படத்தை வந்த போனவர்களுக்கெல்லாம் காட்டி, "ஆண்டு இரண்டைப் பாருங்கோ, எல்லாரும் சூரியன்," என்று சொல்ல, நான் ஒன்றும் தெரியாதவள் மாதிரிச் சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு பக்கத்தில் நின்றேன்.

குவைத்திலிருந்து இராமலெட்சுமி ஒவ்வொரு படத்துக்கும் சிவப்பு இதயங்கள் அனுப்புவாள். குரல் பதிவு ஒன்றும் வந்தது, மெல்லிய குரலில், ஒளிந்து நின்று பேசுகிறவள் மாதிரி. "டீச்சர், நீங்க நல்லா இருக்கணும். புள்ள முகத்தப் பாத்தாத்தான் எனக்குச் சோறு எறங்குது." அதை நான் ஸ்டாஃப் ரூமில் போட்டுக் காட்டினேன்.

போன செவ்வாய்க்கிழமை அனுஷியா வகுப்புக்கு வரும்போதே கண் சிவந்திருந்தது. நித்திரையாக்கும் என்று நினைத்தேன். மற்றவர்கள் தள்ளுப்பட்டு அட்டை எடுக்கும்வரை சுவரோடு சாய்ந்து நின்றாள். பிறகு மெதுவாக வந்து சூரியனை எடுத்தாள். வரிசையில் நின்றவளின் தலை கவிழ்ந்திருந்தது.

"அனு, நிமிர்ந்து பார். சிரி," என்றேன்.

நிமிர்ந்தாள். சிரித்தாள். எடுத்தேன், அனுப்பினேன்.

இடைவேளை மணி அடித்துப் பிள்ளைகள் ஓடியபோது அவள் தண்ணீர்ப் பைப்படியில் விழுந்துவிட்டாள். தூக்கியபோது உடம்பு அடுப்பில் இருந்து இறக்கிய சட்டி மாதிரிக் கொதித்தது. ஹியூபேட் சேரின் காரில் மடியில் கிடத்திக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். வழியில் கண்ணைத் திறந்து, "சொரி டீச்சர்," என்றாள். எதற்கு என்று நான் கேட்கவில்லை.

டெங்கு. வார்ட்டில் படுக்க வைத்து சேலைன் ஏற்றினார்கள். தாதி சிங்களத்தில் பிள்ளையின் தாய் எங்கே என்று கேட்டாள். "ரட்ட," என்றேன். வெளிநாடு என்ற அந்த ஒரு சொல்லோடு அவள் மேலே ஒன்றும் கேட்காமல் எழுதிக்கொண்டாள். இந்த ஊரில் அந்தப் பதில் அவளுக்குப் புதிதில்லை.

ஜெயராணி கடை உடுப்போடு ஓடிவந்தாள். எனக்கு ஏற்கெனவே கோபம் ஏறியிருந்தது, நடை ஓரத்துக்கு அவளைக் கூட்டிக்கொண்டு போய்ப் பிடித்துக்கொண்டேன்.

"காய்ச்சல்காரப் பிள்ளையை என்னெண்டு பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினீங்கள்? கண் தெரியாதா உங்களுக்கு?"

"நேத்து ராத்திரி லேசாத்தான் சுட்டுச்சு டீச்சர். பனடோல் குடுத்தேன். காலையில கேட்டேன், ஒன்னுமில்ல அத்தன்னு சொன்னா."

"ஒண்டுமில்லை எண்டால் அப்படியே நம்பிறதா? தொட்டுப் பார்க்கிறதில்லையா?"

"கடைக்குப் போயும் எனக்கு மனசு கேக்கல்ல டீச்சர். கொஞ்சம் நேரத்துல நீங்க போட்டோ போட்டீங்க. தொறந்து பாத்தேன். சூரியன வச்சிக்கிட்டுச் சிரிச்சிக்கிட்டு நிக்கிறா. சரி, காய்ச்சல் விட்டுருச்சின்னு வேலையப் பாத்தேன்."

நான் என் போனை எடுத்து அந்தப் படத்தைத் திறந்து பார்த்தேன்.

ஜெயராணி முகத்தைத் துடைத்துக்கொண்டு தானாகவே சொன்னாள். "அவ அப்புடித்தான் டீச்சர். ஒன்னும் சொல்ல மாட்டா. மொத மொத மழைய புடிச்சிக்கிட்டு நின்ன போட்டோவப் பாத்துட்டு அவ அம்மா ராத்திரி பூராப் போன்ல அழுகை. எம் புள்ள அழுகுது, நான் எதுக்கு இங்க இருக்கேன், டிக்கட்டப் போட்டு வாரேன்னு ஒரே சத்தம். அவ வந்துட்டா நாங்க எப்புடி? வீட்டு வாடகையே அவ அனுப்புறதுலதான். நான்தான் இவளக் கூப்புட்டுச் சொன்னேன், இனிமே சூரியன மட்டும் புடி, அம்மாவ அழ வைக்காதன்னு. அன்னையில இருந்து புடிக்கிறா. சொன்ன சொல்லு கேக்குற புள்ள."

பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காக முடிந்தது என்று மற்றவர்களைப் பார்த்து எத்தனை தரம் சொல்லியிருப்பேன். ஒரு பிள்ளை தனக்கு அழுகை வருகிறது என்று சொல்வதற்கு ஒரேயொரு வழி திறந்திருந்தது. அதை நான்தான் திறந்தேன். நானே அதைப் படமெடுத்து ஊருக்கும் உறவுக்கும் அனுப்பி, இழுத்துச் சாத்தினேன். ஜெயராணியைக் குறை சொல்ல எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது? அவள் வாடகைக்குப் பயந்தாள். நான் எதற்காகச் செய்தேன்? ஹியூபேட் சேர் நாலு பேருக்கு முன்னால் புகழ்வதைக் கேட்பதற்காக.

நேற்றுப் பள்ளிக்கூடம் விட்டதும் நேரே வார்ட்டுக்குப் போனேன். ஆபத்து நீங்கிவிட்டது என்று டொக்டர் சொல்லியிருந்தார். அனுஷியா எழும்பித் தலையணையில் சாய்ந்திருந்தாள். சேலைன் ஊசி ஏற்றிய கை வீங்கிப்போய் இருந்தது. நான் வீட்டில் காய்ச்சிய கஞ்சியை ஊட்ட, வாயைத் திறந்து திறந்து வாங்கினாள். ஜெயராணி மறுபக்கத்தில் இருந்தாள். இனி வகுப்பில் படம் எடுக்கமாட்டேன் என்று அனுவிடம் எப்படிச் சொல்லுவது, மன்னிப்பை ஒரு ஏழு வயதுப் பிள்ளையிடம் எந்தச் சொல்லால் கேட்பது என்று நான் யோசித்துக்கொண்டிருக்கும்போது ஜெயராணியின் போன் அடித்தது. வீடியோ கோல். இராமலெட்சுமி.

"சும்மா காய்ச்சல்னுதான் சொல்லி வச்சிருக்கேன். டெங்குன்னு சொல்லிறாதீங்க டீச்சர்," என்று ஜெயராணி கிசுகிசுத்தாள். அவள் எட்டிப் போர்வையை இழுத்து ஊசிக் கையை மூடினாள். பிள்ளைக்கு ஒன்றும் சொல்லவேண்டியிருக்கவில்லை. போனைத் திருப்பியதும் அவள் முகம் தானாகவே சிரித்தது.

"எந் தங்கம், எப்புடி இருக்க?" குவைத்தில் ஏதோ ஒரு குசினி மூலையில் நின்றாள் இராமலெட்சுமி. வாடிப்போன முகம், தலையில் துணி.

"நல்லா இருக்கேம்மா. டீச்சர் கஞ்சி கொண்டாந்தாங்க."

"டீச்சரா? டீச்சர்ட்ட போனக் குடு."

போன் என் கைக்கு வந்தது. அவள் கும்பிட்டாள். "டீச்சர், ஒங்களுக்கு நான் எப்புடி நன்றி சொல்றதுன்னே தெரியல்ல. இங்க மேடம் இன்னும் ரெண்டு வருஷம் இருன்னு கேட்டுக்கிட்டே இருந்தாங்க. எனக்குப் புள்ளய நெனச்சா முடியாது. மழையப் புடிச்சிக்கிட்டு நின்னாளே, அன்னைக்கே வர இருந்தேன். பொறகு தெனமும் உங்க போட்டோவப் பாத்தேன். புள்ள தேறிட்டா, நல்லாச் சிரிக்கிறா. அந்தத் தைரியத்துலதான் சரின்னு சொல்லிட்டேன். வெள்ளிக்கிழம ஏஜென்சிக்குக் கூட்டிட்டுப் போறாங்க, கையெழுத்து வைக்க."

நான் பிள்ளையைப் பார்த்தேன். எல்லாம் அவளுக்குக் கேட்டிருந்தது. சிரிப்பு அப்படியே இருந்தது, கொஞ்சமும் குறையவில்லை.

ஜெயராணி என்னைக் கண்ணால் தடுத்தாள். எனக்கு அது விளங்காமல் இல்லை. நான் வாயைத் திறந்தால் இவர்கள் வீட்டில் அடுப்பு எரியாமல் போகலாம், அதற்கு நான் பொறுப்பெடுப்பேனா? இதையெல்லாம் யோசிக்கத் தெரியும் எனக்கு. ஆனால் வாய் முந்திவிட்டது.

"தங்கச்சி, அந்தப் படங்களை நம்பாதீங்கோ," என்றேன். "சிரி எண்டு சொல்லி எடுத்தது நான். பிள்ளைக்கு டெங்கு. காய்ச்சலோடதான் அண்டைக்கும் சிரிச்சவள். நீங்க வருவீங்களா எண்டுதான் அவள் முதல் நாளிலயிருந்து அழுதவள். நீங்க அழுவீங்கள் எண்டு பயந்து மறைச்சுப்போட்டாள். பிழை என்ர. கையெழுத்து வைக்க முதல் அவளைக் கேளுங்கோ."

ஜெயராணி, "அய்யோ டீச்சர்," என்று தலையில் கை வைத்தாள். நான் போனைப் பிள்ளைக்கு நேரே பிடித்தேன்.

"அனு," என்று தாயின் குரல் நடுங்கிக்கொண்டு வந்தது. "டீச்சர் சொல்றது உண்மையா தங்கம்?"

அனுஷியாவின் சிரிப்பு மெல்லக் கழன்றது. போர்வைக்குள்ளிருந்து வீங்கிய கையை வெளியே எடுத்தாள். "கை வலிக்குதும்மா," என்றாள்.

அவ்வளவுதான், இராமலெட்சுமி உடைந்துபோனாள். வாயைத் தலைத்துணியால் பொத்திக்கொண்டு அழுதாள். வீட்டுக்காரிக்குக் கேட்டுவிடும் என்ற பயத்தில் சத்தம் வராமல் அழுகிற அழுகை, அதைப் பார்க்க முடியாது. பிள்ளை அதைப் பார்த்தாள். கண் இமைக்காமல் பார்த்தாள். பிறகு வீங்கிய கையை மெதுவாகப் போர்வைக்குள் வைத்தாள்.

"சும்மா சொன்னேம்மா," என்றாள். "வலிக்கல்ல. அழாதீங்க."

"அனு, உண்மையச் சொல்லு பிள்ளை, பயப்பிடாத," என்றேன்.

"உண்மையாத்தான் டீச்சர்." அவள் என்னைப் பார்க்காமல் போனையே பார்த்தாள். நன்றாக நிமிர்ந்து, பல் தெரியச் சிரித்தாள். "பாருங்கம்மா. நான் நல்லா இருக்கேன். நீங்க ரெண்டு வருஷம் இருந்துட்டு வாங்க. எனக்கு ஒன்னுமில்ல."

இராமலெட்சுமி கண்ணைத் துடைத்துக்கொண்டு அந்தச் சிரிப்பை உற்றுப் பார்த்தாள். அவளுக்கு அதை நம்பவேண்டியிருந்தது. நம்பாவிட்டால் இனி ஒரு நாள்கூட அந்தக் குசினியில் நிற்க அவளால் முடியாது.

"ஊசி குத்துனா கொஞ்சம் வலிக்கத்தான் செய்யும், என்ன தங்கம்? டீச்சர் பாசத்துல பயந்துட்டாங்க," என்றாள். உள்ளேயிருந்து யாரோ அரபியில் கூப்பிட்டார்கள். "ராத்திரிக்கு எடுக்கிறேன். இப்புடியே சிரிச்சிக்கிட்டு இருக்கணும்." கோல் நின்றது.

ஜெயராணி போனை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு வெளியே போய்விட்டாள். கஞ்சி ஆறிப்போயிருந்தது. நான் கரண்டியை வைத்துக்கொண்டு சும்மா இருந்தேன்.

"டீச்சர்," என்றாள் அனுஷியா. "அம்மா அழுகைய நிப்பாட்டிட்டாங்கதானே?"

"ஓம் பிள்ளை," என்றேன்.

அவள் தலையணையில் சாய்ந்துகொண்டு என் முகத்தையே பார்த்தாள். கணக்கைச் சரியாகச் செய்து முடித்துவிட்டு, கெட்டிக்காரி என்று நான் சொல்லும்வரை மேசையடியில் காத்து நிற்கும்போது அப்படித்தான் பார்ப்பாள்.